மசோதாவுக்குள் இருக்கும் இரவு

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, ரசீது புத்தகம், கடை நோட்டீஸ் என்று அன்றாட வேலைகள் நடக்கும் இடம். ஒரு மாலை அங்கே போயிருந்தபோது மேசைமேல் ஒரு நிக்காஹ் பத்திரிகையின் புரூஃப் தாள் கிடந்தது. மேல்பாதி உருது, கீழ்ப்பாதி கன்னடம். ஒரு பெயரை அடித்து மேலே வேறு பெயர் எழுதியிருந்தார்கள். மாமன் முறைக்காரர் ஒருவரைக் கடைசி நேரத்தில் ஓரத்தில் சேர்த்து அம்புக்குறி போட்டிருந்தார்கள். தாளில் பாதி மையால் கறுத்துக் கிடந்தது.

கன்னடத்தில் வியாழக்கிழமை என்று இருந்தது. உருதுப் பகுதியைப் பெரியவர் வாசித்துக் காட்டினார். அதில் 'ஷபே ஜுமா', வெள்ளிக்கிழமை இரவு என்று இருந்தது.

"நாள் மாறியிருக்கே பாய்?" என்றேன்.

"மாறல சார். எங்க கணக்குல ராத்திரி முன்னாடி வரும், பகல் பின்னாடி வரும். வியாழன் பொழுது சாஞ்சாலே வெள்ளி ஆயிடும்." தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "ஆனா இது இன்னும் முசவ்வதாதான். நாளைக்கு வாங்க, நல்ல காப்பி ஆயிடும்."

முசவ்வதா என்ற சொல்லை முதலில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. வாசலுக்கு வந்து, எதிர்க்கடையில் தொங்கிய கன்னட நாளிதழின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் உறைத்தது. அதில் 'மசூதெ' என்று இருந்தது. தமிழ்ப் பத்திரிகையாக இருந்தால் 'மசோதா' என்று போட்டிருப்பார்கள். சட்டமன்றத்தில் தாக்கலாகி, விவாதிக்கப்பட்டு, நிறைவேறுகிற மசோதாவும், அச்சகத்தில் அடித்தல் திருத்தலோடு கிடந்த அந்தத் தாளும் ஒரே சொல். அதன் நேர்ப்பொருள் 'கறுப்பாக்கப்பட்டது'.

அரபு எழுத்தர்கள் முதல் வரைவை அப்படித்தான் அழைத்தார்கள். எழுதி, அடித்து, மேலே எழுதி, மறுபடி அடித்துத் தாள் கறுத்துவிடும், அது முசவ்வதா. பிறகு அதைப் பார்த்துத் திருத்தமாகப் படியெடுத்தால் அது 'முபய்யளா', அதாவது வெளுப்பாக்கப்பட்டது. ஒரு நூல் கறுப்பிலிருந்து வெளுப்புக்கு வருவது, இரவு கழிந்து பொழுது விடிவதைப் போன்ற ஒரு நடை.

இந்தச் சொற்கள் நம்மிடம் எப்படி வந்தன என்பதற்கு மைசூரு மண்ணே ஒரு சாட்சி. 1761-ல் ஹைதர் அலி அதிகாரத்துக்கு வந்ததிலிருந்து, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் திப்பு சுல்தான் வீழ்ந்த நாள்வரை, இங்கே அரசாங்கத்தின் எழுத்தில் பாரசீகம் ஓங்கியிருந்தது. கிழக்கே ஆற்காட்டு நவாபின் கச்சேரிகளிலும் அதே மொழி. பாரசீகத்தின் தோளேறி அரபுச் சொற்கள் கூட்டமாக வந்து இறங்கின. வக்கீல், ஜில்லா, வசூல், பாக்கி, அசல், நகல், ஜாமீன், கைது, மாஜி எல்லாம் அந்த வழியாக வந்தவை. திப்புவின் நூலகத்தில் கிடைத்த அரபு, பாரசீகச் சுவடிகள் ஏறத்தாழ 2,000. சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு விளக்க அட்டவணை தயாரித்து 1809-ல் வெளியிட்டார். சுவடிகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டன. சொற்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன.

மூன்று மெய்கள், ஒரு குடும்பம்

அரபுச் சொல் ஒன்றைத் திறந்து பார்ப்பது சுலபம். பெரும்பாலான சொற்களின் அடியில் மூன்று மெய்யெழுத்துகள் வேராக இருக்கும். அவற்றின் முன்னும் பின்னும் இடையிலும் உயிரொலிகளை மாற்றிப் போட்டால், ஒரே வேரிலிருந்து பத்து இருபது சொற்கள் கிளைக்கும். மசோதாவின் வேர் ஸ-வ-த. அதிலிருந்து 'ஸவாத்' என்றால் கருமை. தெற்கு ஈராக்கின் வளமான சமவெளிக்கும் ஸவாத் என்றே பெயர். பாலைவனத்திலிருந்து வருபவன் கண்ணுக்கு, தூரத்துத் தோப்பும் வயலும் பச்சையாகத் தெரிவதில்லை, கறுப்பாகத் தெரிகின்றன. இதயத்தின் உள்மையத்துக்கு 'சுவைதா', குட்டிக் கறுப்பு, என்று பெயர்.

தமிழனுக்கு இது புதிதாகத் தோன்றாது. கரு என்றால் கறுப்பு, கரு என்றால் தாய் வயிற்றில் வளரும் உயிர், கரு என்றால் ஒரு கதையின் உட்பொருள். கோயிலில் தெய்வம் இருக்கும் இருண்ட அறை கருவறை. கறுப்பை வெறும் ஒளியின்மையாக நம் மொழியும் பார்த்ததில்லை.

ஆனால் வேர் ஒன்றாக இருந்தாலே பொருளும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. ஈரானின் ரே நகரில் 1004-ல் மறைந்த இப்னு ஃபாரிஸ் என்ற அகராதிக்காரர், ஒவ்வொரு வேரையும் எடுத்து, இதற்கு அடிப்பொருள் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண்ணிச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இருட்டில் வழி தவறாது.

பொழுது சாய்ந்ததிலிருந்து

மைசூரு அசோகா சாலையில் மஸ்ஜிதே ஆஸம் இருக்கிறது. இது போன்ற பள்ளிவாசல்களில் ஐந்து வேளைத் தொழுகை நேரத்தைக் காட்டும் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் மஃரிப், இஷா, ஃபஜ்ர் மூன்றும் இரவின் ஓரங்களைத் தொட்டு நிற்கும் சொற்கள்.

மஃரிப் என்றால் சூரியன் மறையும் நேரமும் இடமும். அதே வேரில் 'கர்ப்' மேற்குத் திசை, 'கரீப்' அந்நியன். கண்ணுக்கு மறைந்து தொலைவுக்குப் போனவன் அந்நியன். அரபில் அந்நியனான கரீப், உருதுவிலும் இந்தியிலும் ஏழையானான். ஊரும் உறவும் இல்லாதவனிடம் வேறென்ன இருக்கும்? 1971 தேர்தலில் நாடெங்கும் ஒலித்த 'கரீபி ஹடாவோ' முழக்கத்துக்குள் ஒரு சூரிய அஸ்தமனம் இருக்கிறது.

சூரியன் இறங்கிய பின் மேற்கில் படரும் செம்மைக்கு 'ஷஃபக்' என்று பெயர். அந்நேரத்தில் ஒளி காற்று மண்டலத்தின் வழியே மிக நீண்ட தூரம் சாய்வாக வருகிறது. நீல அலைகள் வழியிலேயே சிதறிப்போக, சிவப்பு மட்டும் நம்மை வந்து சேர்கிறது. மெலிந்துபோன ஒளி அது. ஷ-ஃப-க என்ற வேரின் அடிப்பொருளே மென்மை, மெலிவு என்கிறார் இப்னு ஃபாரிஸ். அதனால்தான் அதே வேரில் 'ஷஃபகா' என்றால் மனம் இளகுவது, பரிவு. நம் ஊரில் சஃபீக் என்று பெயருள்ளவரைக் கூப்பிடும்போது, 'பரிவுள்ளவரே' என்கிறோம். அந்திச் செம்மையும் பக்கத்திலேயே நிற்கிறது.

அந்தச் செம்மை அடங்கிய பிறகே இஷா. மைசூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகை தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை போய் முழு இருள் கவிய சுமார் 75 நிமிடம்தான். இன்னும் வடக்கே இருக்கும் பாக்தாதில் அந்தி இதைவிட நீளம். அந்தியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பெயர் வைத்தவர்களுக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடுதல் நேரம் கிடைத்தது.

இஷாவின் வேரிலேயே 'அஷா' என்றால் இரவுச் சாப்பாடு. அதே வேரில் 'அஃஷா' என்றால் இரவில் கண் தெரியாதவர். இஸ்லாத்துக்கு முந்தைய பெருங்கவிஞர்களில் ஒருவரான மைமூன் இப்னு கைஸை உலகம் அஃஷா என்ற அந்தப் பட்டப்பெயராலேயே அறியும். தமிழிலும் அந்த நோய்க்குப் பொழுதின் பெயரையே வைத்தோம்: மாலைக்கண். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி வடிவச் செல்கள் உண்டு. அவற்றிலுள்ள ரொடாப்சின் என்ற நிறமியை உடல் வைட்டமின் ஏ-யிலிருந்து செய்துகொள்கிறது. அது குறைந்தால் பகலில் நன்றாகப் பார்ப்பவரும் அந்தியில் தடுமாறுவார். எங்கோ இருந்த இரண்டு மொழிகள், நோய் கண்ணில் தெரியும் நேரத்தை வைத்தே அதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றன.

நிஷாப்பூரைச் சேர்ந்த மொழியறிஞர் ஸஆலிபி (961–1038) இரவின் பொழுதுகளைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறார். ஷஃபக்கில் தொடங்கிக் காலையில் முடிகிறது அந்த வரிசை. அதில் ஒன்று 'அதமா'. வேரின் பொருள் தாமதம். மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஒட்டகத்தை உடனே கறக்காமல், இருட்டும்வரை காத்திருந்து பால் கறப்பார்களாம். அந்தக் காத்திருப்பே அந்த இருட்டுக்குப் பெயராகிவிட்டது. இன்னொன்று 'ஃபஹ்மா', அடுப்புக்கரி. பொழுது கரிபோலக் கறுக்கும் நேரம். நம் சங்கப் புலவர்கள் நாளை ஆறு சிறுபொழுதாக்கி, மாலையை முல்லைக்கும் யாமத்தைக் குறிஞ்சிக்கும் கொடுத்தார்கள். அங்கே ஒட்டகத்தின் மடி, இங்கே காதலியின் காத்திருப்பு. பொழுதுக்குப் பெயர் வைத்தது கடிகாரமல்ல, வாழ்க்கை.

இரவில் என்ன செய்வது? பேசலாம். நிலா வெளிச்சத்தில் கூடி உட்கார்ந்து பேசுவதற்கு அரபில் தனிச்சொல்லே உண்டு, 'ஸமர்'. கூட உட்கார்ந்து பேசுகிறவன் 'ஸமீர்'. அந்தப் பெயரில் ஒரு நண்பர் உங்களுக்கும் இருப்பார். பயணம் போகலாம். இரவில் வந்து சேர்கிறவன் 'தாரிக்'. வேரின் பொருள் தட்டுவது. பகலில் வருபவனுக்கு வாசல் திறந்திருக்கும், இரவில் வருபவன்தான் கதவைத் தட்ட வேண்டும். அல்லது தங்கலாம். 'பாத்த' என்றால் இராத்தங்கினான்; அதே வேரில் 'பைத்', வீடு. கவிதையில் ஒரு வரிக்கும் பைத் என்றுதான் பெயர். தமிழ் முஸ்லிம் கல்யாண ஊர்வலங்களில் பைத் ஓதக் கேட்டிருக்கலாம். மைசூரில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் மொஹல்லா என்ற சொல்லும் இதற்கு அடுத்த வீடுதான். மண்டி மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, தேவராஜ மொஹல்லா என எல்லாவற்றிலும் இருப்பது அரபின் 'மஹல்லா', மூட்டையை அவிழ்த்து இறங்கிய இடம்.

விடியலுக்கு முந்தைய கடைசி இருளுக்கு 'ஸஹர்'. நோன்பு காலத்தில் அந்நேரத்தில் உண்பது ஸஹர் சாப்பாடு. எழுத்தில் அதே மூன்று மெய்களைக் கொண்ட 'ஸிஹ்ர்' என்றால் சூனியம். விடியற்கால மங்கலும் மாயமும் ஒன்றுதானே என்று சொல்ல நாக்கு துடிக்கும். இங்கேதான் இப்னு ஃபாரிஸ் கையைப் பிடித்து நிறுத்துகிறார். இந்த வேருக்கு ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று அடிப்பொருள்கள் உண்டு, காலம் வேறு ஏமாற்று வேறு என்பது அவர் முடிவு. பிறகு ஃபஜ்ர்: பிளந்து திறப்பது. ஊற்று பீறிடுவதற்கும் அதே வேர். இரவின் மேல்தோடு கீறி ஒளி வெளியே வருகிறது.

மூடுவது என்னும் வேலை

இரவு செய்யும் வேலைகளில் முதன்மையானது மூடுவது. ஜ-ன-ன என்ற வேருக்கு ஒரே அடிப்பொருள்தான், மறைத்தல். இரவு ஒருவன்மேல் கவிந்தது என்று சொல்ல இந்த வினையைத்தான் பயன்படுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாதது ஜின். தாய் வயிற்றுக்குள் மறைந்திருப்பது 'ஜனீன்', சிசு. மரங்கள் தரையை மூடிய தோட்டம் 'ஜன்னத்', அதுவே சொர்க்கம். போரில் உடலை மறைக்கும் கேடயம் 'மிஜன்'. அறிவு மூடப்பட்டவன் 'மஜ்னூன்'. லைலா என்ற பெயரிலோ, இரவு என்று பொருள்படும் 'லைல்' ஒலிக்கிறது. லைலா மஜ்னு கதையைத் திரையில் பார்த்து அழுத நம் பாட்டிமாருக்கு, அது இரவின் பெயர் கொண்ட ஒருத்தியும் அந்த இருளால் மூடப்பட்ட ஒருவனும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

க-ஃப-ர என்ற வேருக்கும் மூடுதலே பொருள். பழைய அரபில் காஃபிர் என்ற சொல் இரவைக் குறித்திருக்கிறது. விதையை மண்ணால் மூடும் உழவனையும் குறித்திருக்கிறது. உண்மையை மூடி மறைப்பவன் என்ற பொருள் அதே வேரின் இன்னொரு கிளை. பாவத்தை மூடும் பரிகாரத்துக்கும் 'கஃப்பாரா' என்றே பெயர். சண்டைக்கு இழுக்கப்படும் ஒரு சொல்லின் அடியில், விதை தூவி மண்ணைத் தள்ளும் ஒரு கால் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரவுகளுக்குள்ளும் இரவுகள் உண்டு. மாதத்தின் முப்பது இரவுகளை மும்மூன்றாகப் பிரித்துப் பத்துப் பெயர் வைத்தார்கள் அரபுகள். முதல் மூன்று 'குரர்', குதிரை நெற்றியின் வெள்ளைச் சுட்டி. 13, 14, 15 'பீள்', வெள்ளை இரவுகள். அடுத்த மூன்று 'துரஃ'. தலை மட்டும் கறுத்து உடல் வெளுத்த ஆட்டின் பெயர் அது. பௌர்ணமிக்குப் பின் நிலவு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து எழுகிறது. இரவின் தலைப்பக்கம் இருட்டு, மீதியெல்லாம் வெளிச்சம். இதைவிடச் சுருக்கமாக ஒரு வானியல் குறிப்பை எழுத முடியாது. கடைசி மூன்று 'மிஹாக்', அழிந்துபோனவை.

இரவு வானம் இங்கே கையில் காசாகவும் புழங்கியிருக்கிறது. யானை உருவம் பொறித்த திப்புவின் செப்புக் காசுகளுக்கு ஸுஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்ப் என்று பெயர். வெள்ளி, செவ்வாய், நட்சத்திரம், துருவம். காசு சிறுத்துக்கொண்டே போகப் போக, கோளிலிருந்து விண்மீனுக்கு, விண்மீனிலிருந்து அசையாத புள்ளிக்கு. மைசூரு சந்தையில் கீரை வாங்கியவள் ஒரு வெள்ளியைக் கொடுத்து மீதிக்கு ஒரு செவ்வாயை வாங்கியிருப்பாள்.

இருளும் அநீதியும்

ஒரே சொல் எதிரெதிர்ப் பொருள் தருவதும் உண்டு. 940-ல் மறைந்த இப்னுல் அன்பாரி அப்படிப்பட்ட சொற்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 'அஸ்அஸ' என்றால் இரவு வந்தது. இரவு போனது என்றும் பொருள். 'ஸுத்ஃபா' ஒரு குலத்தாருக்கு இருட்டு, இன்னொரு குலத்தாருக்கு வெளிச்சம். குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தியில் நின்று பாருங்கள், வருவது எது போவது எது என்று சொல்ல முடியாது. நம்மிடமும் 'எல்' என்றால் ஒளி, பகல். அதையொட்டிய 'எல்லி' சங்கப் பாடல்களில் இரவு. பக்கத்து வீட்டில் வேறோர் ஆட்டம் நடக்கிறது: தமிழில் இருட்டைக் குறிக்கும் இருள், கன்னடத்தில் 'இருளு' என்று இரவாகவே ஆகிவிட்டது. மைசூரின் மிகப் பெரிய திருவிழாவான தசராவையும் ஒன்பது இரவுகள் என்றுதான் எண்ணுகிறோம். நவராத்திரியை யாரும் ஒன்பது பகல் என்பதில்லை.

இத்தனை இரவுச் சொற்களிலும் பழி இல்லை. லைல் தங்க வைக்கிறது, ஸமர் பேச வைக்கிறது, ஜன்ன மூடிக் காக்கிறது. பழி சேர்ந்த வேர் ஒன்று உண்டு. உருதுவில் 'ஸுல்மத்' என்றால் இருட்டு, 'ஸுல்ம்' என்றால் கொடுமை. நம் ஊர்ப் பேச்சில் ஜுலும் என்று அதைக் கேட்டிருக்கிறோம். கொடுமை இருட்டு போன்றது, அதனால் ஒரே சொல் என்று முடித்துவிடுவது எளிது. இப்னு ஃபாரிஸ் அப்படி முடிக்கவில்லை. இந்த வேருக்கு இரண்டு அடிப்பொருள்கள் என்கிறார். ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரானது. மற்றது, ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வரம்பு மீறி வைப்பது. அநீதி என்பது இரவின் குற்றமன்று. இடம் மாற்றி வைத்த கையின் குற்றம். கறுப்பைக் கெட்டதென்று பழக்கத்தால் சொல்லும் நமக்கு, ஆயிரம் ஆண்டு முன் ஓர் அகராதி செய்த திருத்தம் இது.

அச்சகத்திலிருந்து திரும்பும் வழியில் மைசூரின் டவுன் ஹால் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் பிறந்து மைசூரின் திவானான ரங்காச்சார்லுவின் நினைவு மன்றம் அது. 1881 அக்டோபர் 7 அன்று, தசராவையொட்டி, அவர் முயற்சியில் பிரஜா பிரதிநிதி சபை முதன்முறையாகக் கூடியது. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை, ஊர்க் குறைகளைச் சொல்லலாம் அவ்வளவே. 1923-ல் அதற்குச் சட்டபூர்வமான இடம் கிடைத்தது. ஒரு மசோதா சட்டசபைக்குப் போகும் முன், அதன் பொதுக் கொள்கையைப் பற்றி இந்தச் சபையையும் கலந்து கேட்க வேண்டும் என்று ஆயிற்று. தாளின்மேல் இன்னும் சில கைகள் விழ வழி பிறந்தது.

மசோதா என்ற சொல் நம்மிடம் கேட்பதும் அதைத்தான். மாமன் முறைக்காரர் பெயர் விடுபட்டதை யாரோ பார்த்து ஓரத்தில் எழுதியதால்தான் அந்தக் கல்யாணத் தாள் கறுத்தது. பலரும் பார்த்து, அடித்து, மேலே எழுதி, கறுக்க வேண்டிய அளவு கறுத்த பிறகு வெளுப்பதுதான் சட்டம். ஒரு கீறலும் விழாமல் ஒரே நாளில் வெளுத்துவிட்ட மசோதாவில் யார் பெயர் விடுபட்டது, எது இடம் மாறி உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். பத்திரிகை தயாராக இருந்தது, வெள்ளை அட்டையில் பச்சை எழுத்து. உருதுவில் வெள்ளி இரவு, கன்னடத்தில் வியாழக்கிழமை. இரண்டையும் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார் பெரியவர். கறுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். ஆணியில் குத்தி வைத்திருந்த கட்டைக் காட்டினார். "கல்யாணம் முடியற வரைக்கும் முசவ்வதாவத் தூக்கிப் போடக் கூடாது சார். ஏதாவது தப்புன்னா அதத்தான் பாக்கணும்."